எட்டுக்கால் மீன் என்று ஒரு மீன் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் நாளிதழ் எங்கள் வீட்டில் இரண்டாகப் பிரிந்துவிடும். செய்திப் பக்கங்கள் எனக்கு, சிறுவர் பக்கம் என் பேத்திக்கு. அவள் ஆறாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். பள்ளிக்கூடத்தில் இந்தியும் மராத்தியும் உண்டு. தமிழுக்கு நான்தான் வாத்தியார், உங்கள் சிறுவர் பக்கம்தான் பாடப் புத்தகம். ஒரு வரி விடாமல் உரக்க வாசித்தால் மும்பை மாட்டுங்காவிலிருந்து மெதுவடை வரும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

போன ஞாயிறு அந்தப் பக்கத்தில் 'கடலில் வாழும் மீன்கள்' என்று வண்ணப் படங்கள் போட்டிருந்தீர்கள். சுறா, திருக்கை, வஞ்சிரம், வாளை எல்லாம் சரி. கடைசிப் படம் ஆக்டோபஸ். அடியில் 'எட்டுக்கால் மீன்' என்று எழுதியிருந்தது. பக்கத்துப் பெட்டியில் இன்னொரு தகவல்: சங்குக்குள் இருக்கும் பூச்சி வளர வளரப் பழைய ஓட்டை விட்டுவிட்டுப் பெரிய ஓட்டுக்குக் குடிபோகுமாம்.

பேத்தி வாசிப்பை நிறுத்திவிட்டாள். "தாத்தா, மீனுன்னா முள்ளு இருக்கணும்ல? ஆக்டோபஸ்ல முள்ளு எங்க இருக்கு?" என்றாள். வடைக்கு முன்னாலேயே இப்படிக் கேட்டுவிட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், நான்கு நாளாகிவிட்டது. கடிதம் நீளம்தான். வெட்டத்தான் வேண்டுமென்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், வலம்புரிச் சங்கு பற்றி எழுதியிருப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் சிலருடைய பணம் மிச்சமாகும்.

நான் படித்தவன் அல்ல. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து 1976இல் பம்பாய் வந்தேன். மூன்று வருடம் கண்ட வேலையும் பார்த்தபிறகு ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வகப் பணியாளாகச் சேர்ந்து, முப்பத்தைந்து வருடம் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றேன். மராட்டியத்தில் ப்யூன், ஆய்வக ஆள் எல்லோரையும் பிள்ளைகள் 'மாமா' என்பார்கள். எனக்கு மருமக்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, பாதிப் பேர் இப்போது டாக்டர். என் பொறுப்பில் இருந்தவை செத்த உயிர்களைக் கெடாமல் மருந்துநீரில் வைத்திருக்கும் கண்ணாடி ஜாடிகள். ஃபார்மலின் குறையாமல் பார்ப்பது, மூடியில் மெழுகு வைப்பது, செய்முறைத் தேர்வுக்கு வரிசையாக எடுத்து வைப்பது. மெல்லுடலிகளின், அதாவது நத்தை, சிப்பி, கணவாய்க் கூட்டத்தின் அலமாரி ஜன்னலோரம் மூன்றாவது. அதிலிருந்த ஒவ்வொரு ஜாடியின் கனமும் கைக்குத் தெரியும்.

பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு வாயால் சொல்லாமல், சயான் கோலிவாடா மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். மும்பையின் மீனவச் சாதியான கோளிக்காரப் பெண்கள் 'மாக்குள்' என்று விற்பது நம் கணவாய். அரைக் கிலோ ஊசிக் கணவாயும் ஒரே ஒரு ஓட்டுக் கணவாயும் வாங்கினோம். வீட்டில் மருமகள் அரிவாள்மனையை எடுக்குமுன் நான் வாங்கிக்கொண்டேன். ஊசிக் கணவாயின் தலையைப் பிடித்து இழுத்தால் குடலும் மைப்பையும் சேர்ந்து வந்துவிடும். அதற்குப் பிறகு உறைபோல இருக்கும் உடம்புக்குள் விரலை விட்டு, முதுகுப் பக்கமாகத் தடவி உருவ வேண்டும். கண்ணாடித்தாள்போல மெல்லிசாய், இறகு வடிவத்தில் ஒன்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. "பிளாஸ்டிக் தாத்தா! மீன் பிளாஸ்டிக் தின்னுருக்கு!" என்று கத்தினாள். இந்த ஊர்க் கடலுக்கு அது நடக்காத காரியமும் இல்லை. ஆனால் அது பிளாஸ்டிக் அல்ல, அதனுடைய ஓடு. அதாவது ஒரு காலத்தில் ஓடாக இருந்ததில் மிஞ்சியது.

அடுத்து ஓட்டுக் கணவாயைக் கீறினேன். வெள்ளை வெளேரென்று, சோப்புக் கட்டியில் பாதி கனம்கூட இல்லாமல், நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும் ஓடு. கிளிக்கூண்டில் சொருகுகிறார்களே, நாட்டு மருந்துக் கடையில் 'கடல்நுரை' என்று தருகிறார்களே, அதுதான். நுரை எப்படிக் கல்லானது என்று அவள் கேட்டாள். நுரையும் இல்லை, கல்லும் இல்லை, கணவாயின் உள்ளோடு என்றேன். அதற்குள் நுண்ணிய அறைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அறைகளில் நீரையும் காற்றையும் கூட்டிக் குறைத்துத்தான் அது மேலே மிதப்பதும் கீழே இறங்குவதும்.

மூன்றாவது ஆக்டோபஸ். அதற்கு அந்த மிச்சமும் ஏறக்குறையப் போய்விட்டது, முழுக்கச் சதை. உடம்பில் கெட்டியாக இருப்பது கிளி மூக்குப் போன்ற அலகுதான். அந்த அலகு நுழைகிற சந்தில் முழு உடம்பும் நுழைந்துவிடும் என்பார்கள்.

எங்கள் ஊரில் இந்த மூன்றுக்கும் பெயர் ஊசிக் கணவாய், ஓட்டுக் கணவாய், பேய்க்கணவாய். எந்தக் கல்லூரிக்கும் போகாத மீனவன் ஆக்டோபஸுக்குப் பேய்க்கணவாய் என்று பெயர் வைத்து, அதன் சொந்தக்காரர்களோடு உட்கார வைத்துவிட்டான். நீங்கள் அங்கிருந்து தூக்கி வாளைக்கும் வஞ்சிரத்துக்கும் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். கடையில் 'கணவாய் மீன்' என்று கேட்டுத்தான் நானும் வாங்குகிறேன், மறுக்கவில்லை. அது விலை பேசும் பேச்சு. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பக்கத்தில் அது ஏறக்கூடாது. மீனுக்கு முதுகெலும்பு உண்டு, சிவப்பு ரத்தம், ஒரு இதயம். கணவாய்க்கு முதுகெலும்பு கிடையாது. இதயம் மூன்று. ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு, அதனால் காற்றுப்பட்டால் நீலம். நம் தொட்டியில் வரும் நத்தைக்கும் வெற்றிலைச் சுண்ணாம்புக்குச் சுடுகிற கிளிஞ்சலுக்கும்தான் அது உறவு. நம்ப முடியாதுதான். நானும் முதலில் நம்பவில்லை.

ஆய்வகத்தில் சேர்ந்து இரண்டாவது வருடம் என்று நினைவு. செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் ஜாடிகளைத் துடைத்து அடுக்கும்போது ஒன்றில் சீட்டு உரிந்து போயிருந்தது. உள்ளே வெள்ளையாக, நீளமாக, சுருண்டு கிடந்தது ஒரு புழு. புழு என்றால் புழு அலமாரி. மண்புழுவுக்கும் அட்டைக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் துறைத்தலைவர் மேடம் அலமாரியை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. ஜாடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "மாமா, தலைப் பக்கம் பாருங்க" என்றார். புழுவின் முன்நுனியில் பட்டாணித் தோல் அளவுக்கு இரண்டு சின்ன ஓடுகள், இரண்டு கைகளைக் குவித்ததுபோல. டெரிடோ. கப்பல் புழு என்கிறார்கள், உண்மையில் சிப்பி. அந்த இரண்டு ஓட்டையும் அரம்போல அசைத்து அசைத்து மரத்துக்குள் குடைந்துகொண்டே போகும். உடம்பு பின்னால் புழுவாக நீளும். குடைந்த வழிக்குச் சுண்ணாம்பு பூசியும் வைக்கும்.

எனக்கு உடனே அய்யாப்பா, அதாவது தாத்தா ஞாபகம் வந்தது. தோணியைக் கரையேற்றிக் குப்புறப் போட்டு அடிப்பலகையைக் கட்டை விரலால் தட்டித் தட்டிக் கேட்பார். சத்தம் மாறுகிற இடத்தில் உளி வைத்தால் பலகைக்குள் தேன்கூடுபோலத் துளை. சிப்பி தின்ற துளை என்று அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்த குடும்பம் என்று பேர்தான்.

அந்த மேடம் மராட்டியக்காரர், இப்போது இல்லை. ஓடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து உறவு சொன்னால் இப்படித்தான் ஏமாறுவோம் என்று அன்றைக்கு ஒரு கதை சொன்னார். உங்கள் சிறுவர் பக்கப் பொறுப்பாளருக்கு அது ஆறுதலாகக்கூட இருக்கும். 1758இல் உயிர்களை எல்லாம் வகை பிரித்த லின்னேயஸ் ஓடுள்ளவற்றை ஒரு கட்டாகவும், ஓடில்லாத கொழகொழப்பானவற்றை இன்னொரு கட்டாகவும் கட்டினார். முதுகில் ஓடிருந்த நத்தை ஒரு கட்டில், ஓடில்லாத அதன் தம்பி வேறு கட்டில். கணவாய்க்குக் கூட்டாளிகள் ஜெல்லியும் நட்சத்திர மீனும். அந்தக் கொழகொழப்புக் கட்டுக்குத்தான் மொலஸ்கா, நம் தமிழில் மெல்லுடலி, என்று அவர் வைத்த பெயர். பிறகு பிரெஞ்சுக்காரர் குவியே உடம்பை அறுத்துப் பார்த்து நத்தை, சிப்பி, கணவாய் மூன்றையும் ஒரு கூரைக்குக் கீழ் கொண்டுவந்தார்.

அவருக்கும் ஓடு ஒரு விளையாட்டுக் காட்டியது. பாந்திரா பாறைகளில் வெள்ளைக் கொப்புளமாக ஒட்டிக் காலைக் கீறுமே, கொட்டலசு, அதையும் ஓடிருக்கிறது என்று மெல்லுடலியாகவே அவரும் வைத்திருந்தார். தாம்சன் என்ற ராணுவ மருத்துவர் அயர்லாந்துக் கரையில் அதன் குஞ்சைப் பிடித்து வளர்த்து, அது இறால், நண்டுக் குஞ்சுகளின் சாயலில் கால் உதைத்து நீந்தியதை 1830இல் வெளியிட்ட பிறகுதான் கொட்டலசு நண்டு வீட்டுக்குப் போனது. ஓடுள்ளது வெளியே போயிற்று, ஓடில்லாதது உள்ளே வந்தது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மேடம் மூன்றைச் சொல்வார். ஒன்று, உடம்பைச் சால்வைபோல மூடியிருக்கும் மேன்டில் என்னும் சதைப் போர்வை. ஓட்டைக் கட்டுவது அதுதான். நீரிலிருந்தும் தீனியிலிருந்தும் சுண்ணாம்பை எடுத்து விளிம்பில் பூசிப் பூசிச் சேர்க்கும். இரண்டு, தசையான பாதம். நத்தைக்கு அது ஊரும் பட்டை, சிப்பிக்கு மணலைத் தோண்டும் கோடாலி, கணவாய்க்கோ அந்தப் பாதமே தலையைச் சுற்றிக் கைகளாகிவிட்டது. தலைக்காலி என்று நம் பாடப்புத்தகத்தில் பெயர் வைத்தவர் யாரோ, கெட்டிக்காரர். மூன்று, நாக்கு.

இந்த மூன்றாவதை நான் கையாலேயே செய்தவன். பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்குப் பைலா என்ற குளத்து நத்தையின் ராடுலா என்னும் இந்த நாக்கைக் கண்ணாடிச் சில்லில் எடுத்துக் காட்ட வேண்டும். வாய்ப் பகுதியை வெட்டி, காரக் கரைசலில் போட்டு, ஸ்பிரிட் விளக்கில் மெல்லக் கொதிக்க வைப்பேன். சதை எல்லாம் கரைந்து கஞ்சியாகும். அடியில் பழுப்பு நிறத்தில் நூல்நாடாத் துண்டுபோல ஒன்று மிஞ்சும். நீரில் அலசி, கிளிசரின் ஒரு சொட்டு வைத்து மூடி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வரிசை வரிசையாகப் பல். ஒவ்வொரு வரிசையிலும் ஏழு. நடுவில் அகலமாக ஒன்று, இரண்டு பக்கமும் மும்மூன்று. முன்னால் தேயத் தேயப் பின்னாலிருந்து புது வரிசை நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். தேங்காய்த் துருவியை நாடாவாக அடித்ததுபோல என்று நான் சொல்வேன். பிள்ளைகள் அதைத் தேர்வில் அப்படியே எழுதி மார்க் இழந்ததும் உண்டு, அந்தப் பாவம் என்னுடையது. சிப்பிக்கு மட்டும் இந்த நாக்கு கிடையாது. நீரை உள்ளே இழுத்து செவுளில் சலித்துத் தின்கிற ஜென்மத்துக்குப் பல் எதற்கு?

இந்த நாக்கையே ஆயுதமாக்கிக்கொண்டதும் இருக்கிறது. கூம்புச் சங்கு. பூப்போட்ட சேலைத் துண்டுபோல அழகாக இருக்கும், மன்னார் வளைகுடாவிலும் கிடைக்கும். ஒற்றைப் பல் விஷ ஊசியாகி, மீனைக் குத்தி மயக்கித் தின்னும். அந்த இனத்தில் ஒன்றிரண்டு மனிதனையே கொன்றிருக்கின்றன. கடற்கரையில் பிள்ளைகள் உயிருள்ள கூம்புச் சங்கைக் கையில் எடுக்கக்கூடாது, பையில் போடவே கூடாது. அதே விஷத்தைப் பார்த்துச் செய்த வலி மருந்துக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மெல்லுடலிகளில் பெயர் வைத்தவை 80 ஆயிரத்துக்கும் மேல் என்பார்கள். பூச்சி, நண்டு வகையறாவுக்கு அடுத்தபடி விலங்குகளில் பெரிய கூட்டம் இதுதான். அதில் ஐந்தில் நான்கு பங்கு நத்தையும் சங்கும் சோழியும்தான், வயிற்றுக்காலிகள். அடுத்தது இரட்டை ஓட்டுக்காரர்கள்: சிப்பி, மட்டி, கிளிஞ்சல், ஆளி. தலைக்காலிகள் எண்ணூறு சொச்சம் இருந்தால் அதிகம். முதுகில் எட்டுத் தகடு சாத்திய கைட்டான், யானைத் தந்தம்போல இருபுறமும் திறந்த டென்டாலியம், ஓடே இல்லாமல் ஆழ்கடல் சேற்றில் கிடக்கும் சில, எல்லாம் சில்லறைக் கணக்கு. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துவிட்டது என்று கல்லில் பதிந்த அச்சை மட்டும் வைத்துப் பேசிக்கொண்டிருந்த ஒரு மெல்லுடலிப் பிரிவு, 1952இல் டென்மார்க் கப்பல் ஒன்று கோஸ்டா ரிகா பக்கம் ஆழ்கடலில் வலை இழுத்தபோது உயிரோடு வந்துவிட்டது. நியோபிலினா. எங்களிடம் அதன் ஜாடி இல்லை, படம் மட்டும்தான். மேடம் அந்தப் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார், சாமி படம்போல.

இனி அந்தச் சங்கு குடிபோகும் கதை. அப்பா சங்கு குளித்தவர். முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது, சங்குதான் சோறு போட்டது. சங்கு வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போகும். அப்பா சொல்வார்: உயிர்ச் சங்கிலிருந்து சதையைப் பிடுங்கிப் பார், உன்னால் முடியாது. நடுத்தண்டைச் சுற்றித் தசை அப்படிப் பிடித்திருக்கும். அதனால்தான் குவித்துப் போட்டு அழுகவிட்டுக் கழுவுவார்கள், அந்த நாற்றத்தில்தான் நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். உடம்போடு பிறந்த ஓடு, உடம்போடு வளரும் ஓடு. சங்கின் உச்சியில் மொட்டுப்போல ஒரு குமிழ் இருக்குமே, அது பிறந்த அன்றைக்குப் போட்டிருந்தது. அங்கிருந்து வாய் விளிம்பு வரை ஒரு நாளும் இறக்காமல் கட்டிக்கொண்டு வந்த ஒரே வீடு. முட்டை மணலில் ஆட்டுக்கொம்புபோல முறுக்கிக்கொண்டு நிற்கும், அப்பா அதைச் சங்குப்பூ என்பார். கிழித்தால் உள்ளே அறை அறையாக, அப்போதே ஓட்டோடு, குட்டிச் சங்குகள்.

வீடு மாற்றுவது துறவி நண்டு. செத்துப்போன சங்கின் காலி ஓட்டுக்குள் தன் மெத்தென்ற வாலைச் சொருகிக்கொண்டு திரியும். வளர்ந்ததும் பெரிய ஓடு தேடும். குடியிருப்பவனை வீட்டுக்காரன் என்று நினைத்த தப்புதான் உங்கள் பெட்டிச் செய்தியில் நடந்தது. மும்பையில் வாடகைக்கு இருக்கும் எங்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

சங்கு என்றதும் இதையும் எழுத வேண்டும். எங்கள் கட்டடத்தில் ஒருவர் கோயில் வாசல் கடை ஒன்றில் வலம்புரிச் சங்கு என்று ஒரு மாதச் சம்பளம் கொடுத்து வாங்கி வந்து, பூஜைக்கு முன் என்னிடம் காட்டினார். பார்ப்பது இப்படி. கூர்முனை மேலே இருக்க, வாய் உங்களைப் பார்க்கப் பிடியுங்கள். வாய் வலது கைப்பக்கம் திறந்தால் சாதாரணச் சங்கு, நம் வழக்கில் இடம்புரி. இடது பக்கம் திறந்தால்தான் வலம்புரி. விஞ்ஞானிகள் வைத்த பெயர் இதற்கு நேர் தலைகீழ். நாம் சொல்லும் வலம்புரியை அவர்கள் இடது என்பார்கள், ஆகவே யாராவது இங்கிலீஷ் சான்றிதழ் காட்டினால் குழம்பவேண்டாம். அவர் சங்கு இடது பக்கம்தான் திறந்திருந்தது. முகம் மலர்ந்துவிட்டது. நான் டார்ச்சை வாய்க்குள் அடித்தேன். நம் கடல் சங்குக்கு நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்பு, திருகாணிபோலத் தெரியும், விரல் விட்டாலும் தட்டுப்படும். இதில் ஒன்றும் இல்லை, வழவழவென்று இருந்தது. அமெரிக்கக் கடலில் பிறவியிலேயே எல்லாம் இடது பக்கம் திறக்கும் ஒரு சங்கினம் உண்டு, அங்கே அது அபூர்வமே அல்ல. அதை மெருகேற்றி விற்கிறார்கள். அவர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. கடைக்காரரிடம் பேசாமல் இருந்தாரா தெரியாது.

தமிழில் இதெல்லாம் புதிது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தாராவியில் ஒரு தமிழ் வகுப்பில் காதில் விழுந்தது: தொல்காப்பிய மரபியலில் 'நந்தும் முரளும் ஈரறிவினவே' என்று வருகிறது. நந்து என்றால் நத்தையும் சங்கும், முரள் என்றால் இப்பியும் (சிப்பி) கிளிஞ்சலும் என்று உரையாசிரியர்கள் விளக்கம். கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒற்றை ஓடு ஒரு பக்கம், இரட்டை ஓடு ஒரு பக்கம், ஆனால் ஒரே அறிவு வரிசையில் இரண்டும். எங்கள் மூன்றாவது அலமாரியின் முதல் இரண்டு தட்டும் அப்படித்தான் இருந்தன. ஈரறிவு என்றால் தொடு உணர்வும் சுவையும் மட்டும்தான் என்பதில் எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. நத்தைக் கொம்பின் நுனியில் இருக்கும் கரும்புள்ளி கண்தான். தலையே இல்லாத மட்டிக்கு வேண்டுமானால் அந்தக் கணக்கு பொருந்தும். மராத்திக்காரர்கள் நத்தையை 'கோகல்காய்' என்கிறார்கள், காய் என்றால் பசு. வகைப்பாட்டில் அவர்கள் நம்மைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

மழைக்காலம் ஆகையால் அந்தப் பசுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கட்டடச் சுவரில் இப்போது உள்ளங்கை நீள நத்தைகள் ஏறி நிற்கின்றன. வாட்ச்மேன் உப்பு தூவுகிறார். பிள்ளைகள் கையில் எடுத்து விளையாடுகிறார்கள். இது நம் நாட்டு நத்தை அல்ல, ஆப்பிரிக்க நத்தை. பென்சன் என்ற வெள்ளைக்காரர், நத்தைப் பித்தர், 1847இல் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாத் தோட்டத்தில் விட்டதிலிருந்து பரவியது. ஆண், பெண் என்று தனித்தனி கிடையாது. ஒவ்வொன்றும் முட்டையிடும், ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில், பெரிய ஜவ்வரிசிபோல. சுவரில் சுண்ணாம்பை அது சுரண்டுவது ஓடு கட்டுவதற்கு. அதன் உடம்பில் எலி நுரையீரல் புழுவின் குஞ்சு இருக்கக்கூடும், மனிதனின் மூளைக்குப் போனால் ஆபத்து. வெறுங்கையால் தொட வேண்டாம், தொட்டால் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், கீரையை இரண்டு தண்ணீர் கூடுதலாக அலச வேண்டும். நத்தையைப் 'பூச்சி' என்று எழுதினால் பூச்சிமருந்து அடித்தால் போதும் என்று படிப்பவர் நினைப்பார். பெயர் தப்பானால் செய்வதும் தப்பாகும், அதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிதல்ல. வருகிற ஞாயிறு அதே சிறுவர் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஆக்டோபஸ் மீனல்ல, பேய்க்கணவாய், நத்தைக்கும் சிப்பிக்கும் சொந்தம் என்று இரண்டு வரி போடுங்கள். சங்கு வீடு மாறாது என்று ஒரு வரி. உள்பக்க மூலையில் 'திருத்தம்' என்று பொடி எழுத்தில் வேண்டாம், பிள்ளைகள் அங்கே பார்ப்பதில்லை. என் பேத்தி போன வாரப் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி, எதிர்ப் பக்கத்தை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறாள்.

அமாவாசை அன்று காலை ஆறு மணி வாக்கில் மும்பைக் கடல் நன்றாக வற்றும். நானும் அவளும் முதல் ஹார்பர் வண்டியைப் பிடித்து வடாலாவில் மாறி பாந்திராவில் இறங்கி, பேண்ட்ஸ்டாண்ட் பாறைக்குப் போகிறோம். கோளிக்கார அம்மாக்கள் கொக்கி இரும்பால் பாறைச் சிப்பி கொத்திக்கொண்டிருப்பார்கள். ஓடில்லாத நத்தை ஒன்று, பாறை நிறத்திலேயே, தேரைத் தோல்போலக் கரடுமுரடாக, அங்கே ஊர்ந்து திரியும். கடலோரத்தில் இருந்தும் காற்றை மூச்சு விடுவது. அதைப் போன தடவை அவள் மிதிக்கப் பார்த்தாள், கல் என்று. உங்கள் சிறுவர் பக்கப் பொறுப்பாளர் வந்தால் காட்டுகிறோம். பழைய செருப்பு போட்டு வரச் சொல்லுங்கள், கொட்டலசு கீறும்.

இப்படிக்கு,
இரா. செ.
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
சயான் கோலிவாடா, மும்பை.